கொக்குக்குள் ஒரு முகம்

திருடன் என்றால் எடுத்தோமா ஓடினோமா என்று இருக்க வேண்டும். பிரித்த இடத்தில் மறுபடி பசை தடவி, துணியைச் சுருக்கமில்லாமல் நீவி ஒட்டிவிட்டுப் போகிற திருடனை ரேடியோ இன்றுதான் பார்க்கிறான்.

"இவன் திருடன் இல்ல அத்தை, தையல்காரன்," என்றான். "மறுபடி வந்தா சொல்லுங்க, என் சட்டையில ஒரு பட்டன் போயிடுச்சு."

அத்தை காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் சொல்வதில் பத்தில் ஒன்றைத்தான் அவள் காதில் வாங்குவாள். காலையில் கண் விழித்ததும் தொடங்கி, ராத்திரி தலையணையில் தலை சாய்கிறவரை ஓயாத வாய் என்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். வயது நாற்பது ஆகிறது. பார்க்காத வேலையில்லை, நிலைத்த வேலையும் இல்லை. கடைசியில் அப்பாவின் தங்கையே பாவம் பார்த்துத் துணைக்கு வைத்துக்கொண்டாள். அத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். தானாகத் தீப்பிடித்த கடை எது, யாரோ கொளுத்திய கடை எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை வீட்டில் உட்கார வைக்க முடியுமா? துப்பறிய வந்துவிட்டாள்.

இருவரும் நின்றிருந்தது குழந்தைகளுக்கு நாடகம் போடும் ஒரு குழுவின் ஒப்பனை அறையில். சுவரோரம் நீளமான அலமாரி. அதில் காகம், கிளி, ஆந்தை, மயில், கழுகு என்று பறவை முகமூடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் கையால் செய்தவை. காகிதத்தைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, அட்டையில் அலகு வைத்து, நிஜ இறகுகளை வரிசை பிடித்து ஒட்டியிருந்தார்கள். கடைசி இடம் மட்டும் காலி. அங்கே இருந்த கொக்கு நேற்று மத்தியானம் ஒத்திகை நடந்த நேரத்தில் காணாமல் போயிருந்தது.

குழுவின் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நேற்றிலிருந்தே குழுவுக்குள் ஏதோ சரியில்லையாம், யார் மேலும் நம்பிக்கை இல்லையாம். எடுத்தவன் எவனாக இருந்தாலும் சாயங்கால நாடகத்துக்குள் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று அத்தையிடம் இரண்டாம் முறையாகச் சொன்னார்.

"புதுசு எது, பழசு எது?" என்று அத்தை கேட்டாள்.

இருப்பதெல்லாம் புதிது என்றார் மேனேஜர். பழைய செட் தேய்ந்து போய் ஒவ்வொன்றாக மாற்றியாகிவிட்டது. கொக்குக்கு ஒரே ஒரு காட்சிதான், அதனால் அது மட்டும் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. அலகில் விரிசல், கழுத்தோரம் இறகு உதிர்ந்து வழுக்கை விழுந்த கொக்கு.

"மயிலை விட்டுட்டு வழுக்கைக் கொக்கைத் தூக்கிட்டுப் போயிருக்கான்," என்றான் ரேடியோ. "ரசனை கெட்ட பய."

அத்தை ஒவ்வொரு முகமூடியாகக் கவிழ்த்துப் பார்த்தாள். முகத்தில் உறுத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒட்டியிருந்தது. ஐந்திலும் அந்தத் துணி இடது பக்க ஓரத்தில் பிரிக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. விரல் வைத்தால் இன்னும் லேசாக ஈரம் தெரிந்தது. எல்லாவற்றிலும் இடது பக்கம், எல்லாவற்றிலும் வாய் வருகிற இடம். ஆந்தையை எடுத்து ரேடியோவின் முகத்தில் மாட்டி, எங்கேயாவது உறுத்துகிறதா என்று கேட்டாள்.

"இல்ல. அறிவாளி மாதிரி தெரியறேனா?"

"மூஞ்சி மறைஞ்சதால கொஞ்சம் தெரியுது," என்று சொல்லிவிட்டு, கொக்கு வேஷம் போடுகிறவரைக் கூப்பிடச் சொன்னாள்.

வந்தவருக்கு முகமூடியே தேவையில்லை, கழுத்து அவ்வளவு நீளம். திருட்டுப் பழி தன்மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார். அத்தை கேட்டது ஒன்றுதான்: பழைய கொக்கைப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்?

அவர் கொஞ்சம் யோசித்தார். "புதுசெல்லாம் மூஞ்சில சட்டியைக் கவுத்த மாதிரிங்க. அது அப்படி இருக்காது. நல்லா பொருந்தும். ஆனா இந்த இடத்துல மட்டும்," என்று இடது உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டினார், "கொஞ்சம் மேல இழுத்த மாதிரி இருக்கும். உள்ள யாரோ சிரிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி. முதல்ல சங்கடமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. மேடைக்குப் போகப் பயமா இருக்கற அன்னிக்கெல்லாம் அதை மாட்டினா பயம் போயிடும்."

அத்தை முகமூடிகளை அலமாரியில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் மேனேஜரிடம், இதைச் செய்து கொடுத்தவர் சமீபத்தில் வந்தாரா என்று கேட்டாள். போன வாரம் வந்தாராம். அந்தப் பழைய கொக்கைக் கொடுங்கள், புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்று கெஞ்சினாராம். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது எப்படிக் கொடுப்பது, சீசன் முடியட்டும் என்று இவர் அனுப்பிவிட்டாராம்.

ஸ்கூட்டரில் போகும்போது ரேடியோவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. செய்தவரே ஏன் திருட வேண்டும்? அத்தை பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"வெளிப்பக்கம் பார்க்கறவன் மயிலை எடுத்திருப்பான். இவன் எல்லாத்தோட உள்பக்கத்தையும் தடவிப் பார்த்திருக்கான். எதுல அந்தச் சிரிப்பு இருக்குன்னு தேடியிருக்கான். பிரிச்ச துணியை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல பாரு, அது செஞ்ச கைக்குத்தான் வரும்."

"செஞ்சவருக்கு எது பழசுன்னு பார்த்ததுமே தெரியாதா?"

"தெரியும். ஆனா வேற எதுலயாவது அது இருக்குமோன்னு ஒரு ஆசை," என்றாள் அத்தை.

சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் முடிவில் முன்பக்கம் பட்டறையும் பின்பக்கம் வீடுமாக இருந்த கட்டடம். உள்ளே கொடிக்கயிற்றில் துணி கிளிப்புகளில் அலகுகள் தொங்கிக் காய்ந்தன. கழுவிச் சாயம் ஏற்றிய இறகுகளை நீளவாரியாகப் பிரித்துக் கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு வைத்திருந்தார்கள். பாதி முடிந்த ஒரு கிளி மேஜைமேல் கிடந்தது. அதற்குக் கழுத்துப் பக்கத்திலிருந்து இறகு ஒட்டிக்கொண்டு வந்து கன்னத்தில் நின்றிருந்தது வேலை. பசை வாடை மூக்கைத் துளைத்தது.

முகமூடிக்காரர் பெரிய உடம்புக்காரர். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் வாங்க என்று சொன்னார், உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். முழங்கைவரை இரண்டு கையும் வெள்ளையாக இருந்தது.

ரேடியோ வழக்கம்போல ஆரம்பித்தான். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதை கேள்விப்பட்டிருக்கிறேன், நீங்கள் என்ன மாவைப் பூசியா பிடித்தீர்கள் என்றான். எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் அதற்குக் கொஞ்சமாவது உதடு விரிப்பான். இவர் தன் கைகளைக் குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ரேடியோவுக்கு ஏன் பேசினோம் என்று ஆகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அத்தை மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் முகத்தைத் தொட்டாள். காகிதத்தை அதன்மேல் ஒட்டித்தான் முகமூடி எடுக்க வேண்டும். காய்ந்ததும் உரித்தால், அந்த முகம் முகமூடியின் உள்பக்கமாக நிற்கும். மேஜையில் இருந்தது கடையில் வாங்கிய முகம். மூக்கும் முழியும் இருந்தன, ஆள் இல்லை.

"இதுக்கு முன்னாடி வெச்சிருந்த அச்சு யாரோட முகம்?" என்று கேட்டாள்.

"என் பையன்," என்றார் அவர்.

"எங்க அது?"

"உடைஞ்சு போச்சு."

"உடைஞ்சு போகல," என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "உடைச்சாங்க." அவ்வளவுதான். அந்தக் குரல் யாருக்கும் பதில் சொல்கிற குரலாக இல்லை, சுவரிடம் பேசுகிற குரலாக இருந்தது.

முகமூடிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் எல்லாவற்றையும் அவரே சொன்னார், அத்தை ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே பையன். காலேஜில் சேர்ந்த வருஷம், அப்பாவுக்கு நல்ல அச்சு ஒன்று இல்லையே என்று அவனே முகத்தைக் கொடுத்தான். மூக்கில் குழல் வைத்து, முகம் முழுக்க மாவு அப்பி, இறுகுகிறவரை அசையாமல் படுக்க வேண்டும். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதோ சொன்னாள், அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் இடது பக்க உதடு மட்டும் அடங்கவில்லை. அச்சிலும் அது அப்படியே விழுந்தது. அதன் பிறகு இந்தப் பட்டறையில் செய்த காகம், கிளி எல்லாவற்றுக்குள்ளும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

போன மழைக்காலத்தில் பைக் வழுக்கி விழுந்து செத்துப் போனான்.

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தேன்மா. சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்துச்சு. பார்த்தா மேஜை மேல அவன் சிரிக்கறான். என்னைப் பார்த்துச் சிரிக்கறான். அது மேல நான் எப்படிப் பேப்பர் ஒட்டுவேன்? சுத்தியலை எடுத்தேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மனைவிக்குப் பார்வை கிடையாது. பையன் ஐந்தாவது படிக்கும்போதே போய்விட்டது. அதற்கப்புறம் அவன் வளர்ந்ததெல்லாம் அவள் கையால் பார்த்ததுதான். சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அடக்கம் முடிந்த அன்று ராத்திரியே அவள் பட்டறைக்கு வந்து அந்த அச்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அது இவருக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் வந்து மேஜையைத் துழாவினாள். எங்கே அவன் என்று கேட்டாள். இவர் உண்மையைச் சொன்னார். அன்றிலிருந்து அவள் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள், துணி மடிப்பாள், பேச மாட்டாள்.

ரேடியோ போய்க் கொடியில் தொங்கிய அலகுகளைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டான்.

"கொக்கு எங்க?" என்றாள் அத்தை.

பின்பக்க முற்றத்தில் இருந்தது. இரண்டு செங்கல்லுக்கு நடுவே அலகை இறக்கி, முகமூடியை மல்லாத்தி வைத்திருந்தார். உள்துணியை முழுதும் உரித்து, கண் ஓட்டைகளை மெழுகால் அடைத்து, விளிம்புவரை பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றியிருந்தார். அச்சிலிருந்து முகமூடி வந்தது, முகமூடியிலிருந்து அச்சைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறார் மனுஷன். வெள்ளை மாவு பளபளப்புப் போய் மங்கத் தொடங்கியிருந்தது. இறுகுகிறது என்று அர்த்தம்.

இதை எடுத்துப்போனால் இவருக்குப் பையனின் முகம் இல்லை, விட்டுவிட்டுப் போனால் திருட்டுக்குத் துணை. அத்தை எந்தப் பக்கம் போவாள் என்று ரேடியோவுக்கே தெரியவில்லை. அவள் குனிந்து பார்த்துவிட்டு, காகிதம் சுலபமாக உரிந்து வந்துவிடுமா என்று மட்டும் கேட்டாள்.

"வந்துடும்மா. உள்ள வாஸ்லின் தடவிட்டா ஒட்டா..." அவர் அங்கேயே நின்றார்.

தடவவில்லை. முப்பது வருஷத் தொழிலில் ஒரு நாள்கூட மறந்ததில்லை. மாவு கரைக்கிற முன்னால் வாஸ்லின், சமைக்கிறவர்கள் அடுப்பு மூட்டுகிற மாதிரி, யோசிக்காமலே கை செய்கிற வேலை. இன்றைக்கு அந்த முகத்தின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர் மறந்து போனார். டப்பா மூடியோடு ஜன்னலில் இருந்தது. காகிதம் மாவோடு ஒட்டியிருக்கும். உரித்தால் பிய்ந்து பிய்ந்து வரும், முகத்தையும் கொண்டு போகும். இன்னொரு கொக்கு உலகத்தில் இல்லை.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் போடாமல் அடித்துக்கொண்டார், உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்கக் கூடாதென்று. அத்தை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். உரிக்க வேண்டாம், நனைத்து நனைத்துத் தேய்த்து எடுக்கலாம், நேரமானாலும் பரவாயில்லை, நாங்கள் இருக்கிறோம் என்றாள்.

அப்போதுதான் போன் அடித்தது. மேனேஜர். ரேடியோவின் கையிலிருந்து அத்தை வாங்கிக்கொண்டாள்.

"கொக்கு கிடைச்சுது. ஆனா உங்களுக்கு வராது. திருடனெல்லாம் இல்ல. செஞ்சவரே ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு, உங்க ஆள்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்காரு, அவர் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாராம். ரிப்பேர்ல உடைஞ்சு போச்சு. புதுசு வரும். இன்னிக்கு ஒரு நாள் கொக்கு வேஷத்தைக் காக்கா போடட்டும்."

வாழ்க்கை முழுக்க அடுத்தவன் பொய்யைப் பிடித்தவள், தொண்டையைக்கூடச் செருமிக்கொள்ளாமல் சொல்லி முடித்தாள்.

அலகை முதலில் அறுத்தெடுத்தார்கள். இறகு கொத்துக் கொத்தாக வந்தது. அப்புறம் வெந்நீரில் துணியை நனைத்து, மூன்று பேரும் காகிதத்தை அடுக்கு அடுக்காக ஊறவைத்துத் தேய்த்தார்கள். ரேடியோவுக்கு நெற்றியைக் கொடுத்தார்கள். தன் கட்டை விரலுக்குக் கீழே யாரோ ஒருவனின் புருவம் வருவதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையில்லை, அப்படியே தேய்த்தான். கடைசி அடுக்கு மட்டும் என்ன செய்தும் முழுதாகப் போகவில்லை. கன்னத்திலும் தாடையிலும் காகித நார் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு நின்றது. முகமூடிக்காரர் அதைப் பார்த்து, பாழாப் போச்சு என்று முணுமுணுத்தார்.

அத்தை போய் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். உட்கார வைத்து, முகத்தை மடியில் வைத்தாள். என்ன ஏது என்று யாரும் சொல்லவில்லை.

விரல்கள் நெற்றியில் தொடங்கின. கண் இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு அடைத்த தடம் வழவழப்பாக இருந்தது. அவை அங்கே நிற்காமல் தாண்டிப் போயின. மூக்கு. உதடு. இடது ஓரத்தில் வந்து நின்றன. அவள் மூச்சை உள்ளே இழுத்தது எல்லோருக்கும் கேட்டது. பிறகு கன்னத்துக்குப் போனாள். நார் ஒட்டிய இடத்தைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

"ஷேவ் பண்ணல," என்றாள்.

முகமூடிக்காரர் நிமிர்ந்தார்.

"எத்தனை தடவ சொல்றது. ரெண்டு நாள் விட்டா சொரசொரன்னு ஆயிடும், அப்படியே ஊர் சுத்துவான். உடைச்சீங்களே, அதுல வழவழன்னு இருந்தான், அச்சு எடுக்கறதுக்காக ஷேவ் பண்ணியிருந்தான். தடவும்போதெல்லாம் யாரோ மாதிரிதான் இருந்துச்சு. இவன்தான். இவன்தான் என் பிள்ளை." அவள் முகத்தைத் தூக்கித் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். "சூடா வேற இருக்கான்."

ரேடியோ அத்தையைப் பார்த்தான். அத்தை முகமூடிக்காரரைப் பார்த்தாள். மாவு இறுகும்போது சூடு கொடுக்கும், கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஆறிவிடும் என்று அவர் அத்தையின் காதோடு சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட்டது.

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இந்த வீட்லதானே இருக்கேன்," என்றாள். "ஆஸ்பத்திரில தொட்டப்போ ஜில்லுனு இருந்தான். அதுக்கு முன்னாடி தொட என்னை யாரும் கூட்டிட்டுப் போகல."

அவள் உள்ளங்கையை அந்தத் தாடையிலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து தாடைக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஆறுதுங்க," என்றாள். "உள்ள போர்வை இருக்கும், எடுத்துட்டு வாங்க."

அவர் ஓடினார். அந்தப் பெரிய உடம்போடு வாசற்படியில் இடித்துக்கொண்டு ஓடி, போர்வையோடு திரும்பி வந்தார். தரையில் உட்கார்ந்து, மடியில் இருந்த முகத்தைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தினார். அவள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் நான்கு கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்கள். அது ஆறிக்கொண்டேதான் இருந்தது.